நீதிமன்றப் படிகள் – 9: ‘உரிமையாளர் யாரென்று தெரியாது’

அச்சுவேலிச் சந்தியில் நின்று பலாலி எந்தப் பக்கம் என்று கேட்டால் என் வயதுக்காரர் உடனே கையைக் காட்டுவார்கள். இளம் பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். அவர்கள் பிறந்து, படித்து, கலியாணமும் கட்டிய காலம் முழுவதும் அந்தப் பக்கம் வீதி என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. சிறிது தூரம் போனதும் மண்ணணை, முள்ளுக்கம்பி, காவலரண். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரவேண்டியதுதான். 1990 ஜூனில் அடைபட்ட பலாலி–அச்சுவேலி வீதி 2024 நவம்பர் 1ஆம் திகதி திறந்தது. இடையில் 34 ஆண்டுகள்.

அந்தக் கம்பிக்கு அப்பால் கிடந்த காணிகளைப் பற்றியும், அந்தக் காணிக்காரர்கள் 2013இல் கொழும்பு போய் நீதிமன்றப் படி ஏறியதைப் பற்றியும் இந்த முறை எழுதுகிறேன்.

சென்ற பகுதியில் கோடீஸ்வரன் வழக்கைப் பார்த்தோம். தனிச்சிங்களச் சட்டத்தின் பெயரால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட ஓர் அரசாங்க எழுதுவினைஞர், 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், மேலே தோற்றார், 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகத்தில் மீண்டும் வென்றார். அங்கும் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அதை இலங்கை நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து, அவர் பற்றிநின்ற 29ஆம் பிரிவையே இல்லாமற் செய்துவிட்டது. அது தனி ஒருவர் போட்ட வழக்கு. இது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒன்றாகப் போட்ட வழக்கு. அவர் கையில் இருந்தது அரசியலமைப்பின் ஒரு பிரிவு. இவர்கள் கையில் இருந்தது காணி உறுதி.

யாழ்ப்பாணத்துச் சனத்துக்கும் உறுதிக்கும் உள்ள உறவை வெளியூராருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கே காணிக்குத் தோம்பு என்ற பதிவேடு எழுதினார்கள். 1707இல் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தபோது முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்துக்கு இருந்த பிரிவுகளை அப்படியே பதிந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1806இல், ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் யாழ்ப்பாணத்தில் ஒரு காணி உறுதியை விரித்தால், காணிக்கு ஒரு பெயர் இருக்கும். இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று அளவு இருக்கும். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை என்று நாலு எல்லையும் இருக்கும். அதற்குள் அடங்கிய வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் எல்லாம் அடுக்கி எழுதியிருக்கும். பொதுக் கிணறென்றால் கிணற்றில் பங்கு, வழிவாய்க்காலில் பங்கு. நொத்தாரிசின் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து, முத்திரை.

ஒரு முழ நிலத்துக்காக, வேலி அரக்கியதற்காக, பனை யாருடையது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக மல்லாகம் கோட்டுக்கும் பருத்தித்துறைக் கோட்டுக்கும் அலைந்தவர்கள் நாங்கள். அப்புக்காத்துமாரையும் பிரக்கிராசிமாரையும் வளர்த்தது எங்கள் வேலிச் சண்டை என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்த வழக்குகளில் அழிந்த காசையும் உறவையும் நினைத்தால் மனம் நோகும். ஆனால் அதே பழக்கத்தால்தான் ஒவ்வொரு வீட்டிலும் உறுதி பத்திரமாக இருந்தது.

1995 ஒக்டோபரில் அரச படை பலாலிப் பக்கமிருந்து அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று நகர்ந்தபோது, எங்கள் பெரியம்மா படலையடியில் நின்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “தம்பி, உறுதிப்பெட்டி எடுத்தனியோ?” அரிசி மூட்டையைக் கேட்கவில்லை, அடுப்பில் இருந்த சோற்றைக் கேட்கவில்லை. சின்னத் தகரப் பெட்டி அது. உள்ளே பொலித்தீன் பையில் சுற்றிய உறுதிகள், மேலே பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கற்பூரக் கட்டி. பூச்சி அரிக்காமல் இருக்க. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் படுத்தபோது அந்தப் பெட்டிதான் பெரியம்மாவுக்குத் தலையணை. பிறகு வன்னி, பிறகு திரும்பவும் ஊர். பெட்டியின் மூடி நெளிந்துபோனது. உறுதிகள் அப்படியே இருந்தன. அவற்றில் இரண்டு, பெரியம்மாவின் தாய்வழியில் வந்த வளலாய்க் காணிகளுக்குரியவை. கம்பிக்கு அப்பால் கிடந்த காணிகள் அவை.

அந்தக் கம்பி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேய விமானப்படை அமைத்தது. பின்னர் பொதுமக்கள் விமானங்களும் வந்து போயின. உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அதைச் சுற்றிப் படைமுகாம் வளர்ந்தது. 1990 ஜூன் 15ஆம் திகதியை வலிகாமம் வடக்குச் சனம் இன்றும் இடம்பெயர்ந்த நாளாக நினைவுகூர்கிறது. பலாலி, மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன் என்று வடக்கு. வளலாய் போன்ற எங்கள் வலிகாமம் கிழக்கு ஊர்கள். செம்மண் தோட்டங்களும் மீன்பிடித் துறைகளும் ஒன்றாக இருந்த நிலம். பிறகு அதற்கு ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்று பெயர் வைத்தார்கள். அவசரகாலச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு அது. யாருடைய காணியையும் சட்டப்படி எடுக்கவில்லை. விலை கொடுக்கவில்லை. காணி உங்களுடையதுதான், உள்ளே மட்டும் வரக்கூடாது என்பது நிலைமை.

சனம் மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம் என்று பல இடங்களில் ஒதுங்கியது. தங்கள் காணியிலிருந்து சில மைல் தூரத்தில், சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில்.

நீதிமன்றம் போயிருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். 1978 அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளை எழுதிவைத்தது. இலங்கைக்குள் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் உள்ள சுதந்திரம் அதில் ஒன்று. அந்த உரிமை மீறப்பட்டால் நேரே நாட்டின் உச்ச மன்றத்துக்கே போகலாம். இலங்கையில் அதற்கு உயர் நீதிமன்றம் என்று பெயர். தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்பவேண்டாம். இவ்வளவு பெரிய கதவு பல நாடுகளில் இல்லை. ஆனால் கதவில் ஒரு பூட்டும் உண்டு. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. மன்றம் இருப்பது கொழும்பில், இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போர்க்காலத்தில் அந்த 400 கிலோமீற்றர் என்பது ஏ9 பாதை மூடிக்கிடக்க, ‘பாஸ்’ எடுத்து, ‘கிளியரன்ஸ்’ எடுத்து, கப்பலுக்குக் காத்திருந்து போகும் பயணம். வீட்டை விட்டு ஓடிய சனம் ஒரு மாதத்துக்குள் சட்டத்தரணியைப் பிடித்து மனு எழுதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உரிமையை எழுதியவர்கள் போரை நினைத்து எழுதவில்லை.

2002இல் சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் முதல் வேலையாக வழக்கு வந்தது. 2003இல் வலிகாமம் வடக்குக் காணிகளுக்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கலானது. படிப்படியாக மீள்குடியேற்றலாம் என்ற அளவுக்கு அங்கே பேச்சு நகர்ந்தது. 2006இல் போர் திரும்பவும் மூண்டது. ஏ9 திரும்பவும் மூடப்பட்டது. அந்த வழக்கால் ஒருவரும் தன் கிணற்றடிக்குப் போய்ச் சேரவில்லை.

2009இல் போர் முடிந்தது. 2011 ஓகஸ்ட் முடிவில் அவசரகாலச் சட்டம் காலாவதியானது. உயர் பாதுகாப்பு வலயத்துக்கு இருந்த சட்டக் கால் அத்தோடு முறிந்தது. அரசே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் இந்த வலயங்களை மறுபரிசீலனை செய்யச் சொல்லியது. ஆனால் கம்பி அசையவில்லை. ஏறத்தாழ இருபது மாதங்கள், எந்தச் சட்டத்தின் கீழ் தங்கள் காணியில் ஆமி நிற்கிறது என்று கேட்டவர்களுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பதில் 2013 ஏப்ரலில் வந்தது. 1950ஆம் ஆண்டின் காணி கொள்ளற் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. சில மரங்களில் ஒட்டியிருந்தன. வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலுமாக 6,381 ஏக்கர். எங்கள் கணக்கில் ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு. பெருக்கினால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பரப்பு நிலம். நோக்கம் இராணுவத் தேவை. உரிமையாளர் யாரென்று அறியமுடியவில்லை என்பது அறிவித்தலின் நிலைப்பாடு.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கவேண்டும். உரிமையாளர் யாரென்று தெரியாதாம். கம்பிக்கு வெளியே, முகாம் கொட்டில்களில், அரசாங்கம் கொடுத்த குடும்ப அட்டையோடு, ஒவ்வொரு மாதமும் விதானையாரிடம் கையெழுத்துப் போட்டுப் பங்கீட்டு அரிசி வாங்கிக்கொண்டு 23 ஆண்டுகளாக இருந்த சனத்தை அரசாங்கத்துக்குத் தெரியாதாம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது. தேர்தல் வந்தால் பெட்டியும் வந்தது. காணியை எடுக்கிற கடதாசியில் மட்டும் அவர்கள் இல்லாமற் போனார்கள். காணியைப் பறிப்பதைவிட இந்த ஒரு வரிதான் சனத்துக்குச் சுட்டது என்பது என் எண்ணம். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவ உடனே எழும்பி அறைக்குள் போனா. திரும்பி வந்தபோது கையில் தகரப் பெட்டி. “ஆர் எண்டு தெரியாதோ? இதைக் கொண்டுபோய்க் காட்டு” என்றா.

சனம் அதைத்தான் செய்தது. 2013 மே 15ஆம் திகதி, 1,474 காணிக்காரர்கள் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுத் தாக்கல் செய்தார்கள். ஜனாதிபதி சட்டத்தரணி க. கனக ஈஸ்வரன், ம.ஆ. சுமந்திரன் ஆகியோர் அவர்களுக்காக முன்னின்றார்கள்.

1,474 பேர் ஒரு மனுவில் என்றால் அதன் பின்னால் உள்ள வேலையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் உறுதியின் பிரதி வேண்டும். அடையாள அட்டைப் பிரதி வேண்டும். இன்ன காணி என்னுடையது, இன்ன வருடம் வெளியேறினேன், இப்போது இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரத்தில் ஒப்பம் வைக்கவேண்டும். போட்டோக்கொப்பிக் கடைகளில் வரிசை. அறுபது வருடத்து உறுதியை இயந்திரத்தில் வைத்தால் மடிப்பில் கிழிந்துவிடுமோ என்று பயந்து, கடைக்காரப் பொடியனைத் தொடவிடாமல் தானே விரித்து வைத்த ஒரு கிழவரை நான் பார்த்தேன். உறுதி தொலைந்தவர்கள் நொத்தாரிசின் பெயரையும் இலக்கத்தையும் ஞாபகத்திலிருந்து சொன்னார்கள். சிலரிடம் உறுதி இருந்தது, உறுதிக்காரர் இல்லை. தகப்பன் முகாமில் செத்திருப்பார், பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பார்கள். அப்படியானால் அட்டோர்ணித் தத்துவம் எழுதுவிக்கவேண்டும். வேலிக்காக வழக்காடிய அண்ணனும் தம்பியும் ஒரே மனுவில் அடுத்தடுத்த பெயர்களாக வந்ததும் உண்டு.

அவர்கள் எந்த நேரத்தில் நீதிமன்றம் போனார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அதே ஆண்டு ஜனவரியில்தான் நாட்டின் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார். அவருக்கு எதிரான பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முடிவு செல்லாது என்று 2013 ஜனவரி 7ஆம் திகதி சொன்னது இதே மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். பாராளுமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரத்துக்குள் பிரதம நீதியரசர் வீட்டுக்குப் போனார், புதியவர் வந்தார். தன் தீர்ப்பையே காப்பாற்ற முடியாத மன்றம் எங்கள் காணியைக் காப்பாற்றுமா என்று அச்சுவேலிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்வி. என்றாலும் 1,474 பேர் ஒப்பம் வைத்தார்கள்.

சட்டத்தில் அவர்களுக்குப் பிடிமானம் இல்லாமல் இல்லை. காணி கொள்ளற் சட்டம் அரசுக்கு நிறைய அதிகாரம் கொடுக்கிறது. 2ஆம் பிரிவில் காணி பொருத்தமா என்று பார்க்கிற அறிவித்தல். 4ஆம் பிரிவில் ஆட்சேபம் சொல்ல ஒரு வாய்ப்பு. 5ஆம் பிரிவில் இது பொதுத் தேவைக்கு வேண்டும் என்ற பிரகடனம். அது வந்தால் அதுவே முடிந்த முடிவு. அவசரம் என்று சொன்னால் 38ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே காணியைக் கைப்பற்றலாம். 1990களில் தொடங்கி உயர் நீதிமன்றம் இந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டு வந்தது. 1993இல் டி சில்வா எதிர் அத்துக்கோரள வழக்கு: பொதுத் தேவைக்கென்று எடுத்த காணியை அதற்குப் பயன்படுத்தாவிட்டால், அதை வைத்திருக்க அரசுக்கு நியாயம் இல்லை. 2000இல் மானெல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன வழக்கு: அந்தப் பொதுத் தேவை என்னவென்று 2ஆம் பிரிவு அறிவித்தலிலேயே சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் ஆட்சேபம் சொல்லும் உரிமை வெறும் பேச்சாகிவிடும். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ காட்டிய வழி இது. போரோடு சம்பந்தமில்லாத அந்த வழக்குகளில் பிறந்த நியாயம் பலாலிச் செம்மண்ணுக்கும் பொருந்தும். மனித உரிமை வழக்குகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது: ஓரிடத்தில் முன்பின் அறியாத ஒருவர் வென்ற நியாயம், பத்து இருபது வருடம் கழித்து இன்னோர் ஊருக்குக் கைகொடுக்கும்.

இப்படி நிலத்துக்காக நீதிமன்றம் போன சனம் உலகத்தில் வேறும் உண்டு. நிக்கராகுவாவில் அவாஸ் திங்னி என்றொரு காட்டுக் கிராமம். மயங்னா இனத்துச் சனம். உறுதி இல்லை, ஆகவே அது அரச காணி என்று சொல்லி அவர்கள் காட்டில் மரம் வெட்ட ஒரு கம்பனிக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. அவர்கள் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். வழிவழியாக ஆண்டுவந்ததே உரிமை, அளந்து உறுதி எழுதிக்கொடு என்று 2001 ஓகஸ்டில் அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உறுதி கையில் கிடைத்தது 2008 டிசம்பரில். வென்ற பிறகும் ஏழு ஆண்டுகள்.

பொட்ஸ்வானா கதை இன்னும் நெருக்கமானது. கலகாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து அகற்றப்பட்ட சான் பழங்குடிகள், அந்த நாட்டு மேல் நீதிமன்றத்தில் 2006 டிசம்பரில் வென்றார்கள். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? வழக்கில் பெயர் போட்ட 189 பேர் மட்டும் திரும்பலாம், மற்றவர்கள் அனுமதி எடுக்கவேண்டும் என்றது. திரும்பிப் போனவர்களுக்கும் பழைய குழாய்க் கிணற்றைத் திறந்துவிடவில்லை. தண்ணீருக்காக இன்னொரு வழக்குப் போட்டு, 2011இல்தான் மேன்முறையீட்டில் வென்றார்கள். மனுவில் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நான் விளங்கிக்கொண்டது அந்தக் கதையிலிருந்து. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கொழும்பில் வழக்குத் தவணைக்குத் தவணை நகர்ந்தது. வலயத்துக்குள்ளே வீடுகள் இடிக்கப்படுவதாகச் செய்தி வந்தது. 2013 நவம்பரில் மாவிட்டபுரத்தில் காணிக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த மாதம் கொழும்பில் பொதுநலவாய மாநாடு. மாநாட்டுக்கு வந்த பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் நவம்பர் 15ஆம் திகதி யாழ்ப்பாணம் வந்து சபாபதிப்பிள்ளை முகாமுக்கும் போனார். யாரென்றே தெரியாத உரிமையாளர்களை ஒரு வெளிநாட்டுப் பிரதமர் அரைநாளில் கண்டுபிடித்துவிட்டார் என்று அன்றைக்கு ஒரு தாய் சொன்னா. அவ அழுதுகொண்டுதான் சொன்னா.

காணி திரும்பியது தீர்ப்பினால் அல்ல. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. மார்ச் 23ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வளலாய்க்கு வந்து, ஏறத்தாழ 425 ஏக்கரை மக்களிடம் கையளித்தார். அடுத்தடுத்த மாதங்களில் வலிகாமம் வடக்கிலும் துண்டு துண்டாகக் காணி விடுபட்டது. அப்படியென்றால் வழக்கு என்ன செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டுப் பார்த்தேன். 2013இல் ஒருவரும் வழக்குப் போகாமல் இருந்திருந்தால், உரிமையாளர் தெரியாது என்ற அந்த வரியே பதிவாகியிருக்கும். அடுத்த பிரிவு, அதற்கடுத்த பிரிவு என்று கடதாசி நகர்ந்து, 2015இல் விட்டுக்கொடுக்க எவர் வந்திருந்தாலும் அந்த நிலம் சட்டப்படி அரச காணியாக இருந்திருக்கும். அரச காணியைத் திருப்பிக் கேட்பது பிச்சை கேட்பது போல. 1,474 பெயர்கள் நீதிமன்றக் கோவையில் ஏறியதால் அது உரிமைக் கேள்வியாகவே நின்றது. என் கணிப்பு இது. சட்டம் படித்தவர்கள் வேறுவிதமாகவும் சொல்லலாம்.

வளலாய்க்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். 25 வருடத்துக்குப் பிறகு. வேலி இல்லை; கிளுவையும் பூவரசும் நின்ற கதியால் வரிசை எதுவும் இல்லை. ஒழுங்கை இருந்த இடமே தெரியவில்லை. ஆளுயரப் பற்றை. நாங்கள் போனில் படம் பார்த்து, நில அளவைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரியம்மா ஒரு சீமெந்துத் துண்டில் கால் தடக்கி நின்றா. குனிந்து மண்ணைத் தட்டினா. பாதி தூர்ந்த கிணற்றின் கட்டு அது. அதில் கயிறு உராய்ந்து விழுந்த பள்ளம் இருந்தது. “இதில நிண்டுதான் அம்மா அள்ளுறவ” என்றா. அந்தக் கிணற்றிலிருந்து அளந்துதான் நாலு எல்லையையும் பிடித்தோம். உறுதியில் வடக்கு எல்லை என்று எழுதியிருந்த ஒழுங்கை சரியாக அந்த இடத்தில் வந்தது.

இனி அந்தப் பொட்ஸ்வானா விஷயம். உறுதி இருந்தவர்களின் கதையைத்தான் இதுவரை எழுதினேன். உறுதி இல்லாதவர்களும் இதே நிலத்தில் வாழ்ந்தார்கள். மற்றவர் காணியில் கொட்டில் போட்டு, அவர்களுடைய தோட்டத்தில் கூலிக்கு இறைத்து, பனையேறி, தலைமுறையாக அங்கேயே இருந்தும் ஒரு குழி நிலத்துக்கும் கடதாசி இல்லாத குடும்பங்கள். பெரும்பாலும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். நிலம் வாங்க விடாமல், விற்க மறுத்து அவர்களை அப்படி வைத்திருந்தது நாங்கள்தான், கொழும்பு அல்ல. அவர்களும் 1990 ஜூனில் ஓடினார்கள். அதே முகாமில், அதே வரிசையில் அரிசி வாங்கினார்கள். ஆனால் 2013 மனுவில் காணிக்காரர் என்று ஒப்பம் வைக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2015இல் காணி விடுபட்டபோது போய்த் தேட ஒரு கிணற்றுக்கட்டும் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, முகாமில் கடைசிவரை மிஞ்சியவர்களில் அவர்கள் அதிகம். உறுதியை வைத்து நடந்த போராட்டத்தின் வரலாற்றை எழுதும்போது உறுதி மறுக்கப்பட்டவர்களை விட்டுவிட்டால், மரத்தில் ஒட்டிய அந்த அறிவித்தலை எழுதியவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. நடமாடவும் குடியிருக்கவும் உள்ள உரிமை காணிக்காரருக்கு மட்டும் உரியது என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. அந்த வாதத்தை முன்வைத்து அவர்களுக்காக ஒரு வழக்கு நடந்திருக்கவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

காணி விடுபட்டுப் பத்து வருடம் கழித்து அதே வகையான கடதாசி இன்னொரு சட்டத்தின் பெயரில் வந்தது. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். அதில் யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 3,669. மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்கவேண்டும். இல்லாவிட்டால் அரச காணி. கடலோரத்தில் சுனாமியோடும் போரோடும் பெட்டி பெட்டியாக உறுதிகளைத் தொலைத்த சனத்துக்கு மூன்று மாதம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் மூன்று மாதம். சுமந்திரன் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். கெடு முடியும் தறுவாயில், ஜூன் 27ஆம் திகதி, உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியின் செயற்பாட்டை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பிறகு அரசாங்கம் வர்த்தமானியையே மீளப் பெற்றது. 2013இல் தவணைக்குத் தவணை காத்திருந்தவர்கள் இந்தச் செய்தியை வாசித்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தேன். பெரியம்மா இப்போது இல்லை. பெட்டி என்னிடம் இருக்கிறது. அந்தக் கிழமை அதைத் திறந்து, உறுதிகளை வெயில் படாமல் விறாந்தையில் விரித்துக் காயவைத்து, புதுக் கற்பூரம் வைத்து மூடினேன்.

பலாலிப் பக்கம் இன்னும் காணி படையிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியும் திறந்தது. காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் வாகனத்தில் போகலாம், இறங்கக்கூடாது, நடக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் திறந்தது. தன் காணியைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு போகிற சனம் அந்த வீதியில் உண்டு.

அடுத்த பகுதியில் நாவற்குழிக்குப் போகிறோம். 1996இல் அங்கே இராணுவம் பிடித்துக்கொண்டு போன இளைஞர்களுக்காக ஆட்கொணர்வு மனுப் போட்ட தாய்மாரின் கதை. காணிக்காரரிடம் உறுதியாவது இருந்தது. அந்தத் தாய்மாரிடம், உன் பிள்ளையை நாங்கள் கொண்டுபோகிறோம் என்று எழுதிக் கொடுத்த ஒரு துண்டும் இல்லை.